புரொக்டர் வீட்டு நட்சத்திர மீன்கள்

1. வேலை கிடைத்த விதம்

நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது என்று சொன்னதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் புரொக்டர் ஐயாவின் வீடு. முன் விறாந்தையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அடியில் கற்பலகை, சுற்றிவரத் தார் பூசிய இரும்புச் சட்டம், உள்ளே கடல் தண்ணீர். ஒரு வழக்கு விஷயமாக மன்னார்ப் பக்கம் போனவர், வழக்கில் தோற்று, கரையில் கண்ட நட்சத்திர மீன்களில் மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தார். தொட்டியைச் செய்வித்துவிட்டார். பார்க்க ஆள் இல்லை.

அப்போது நான் மற்றிக்குலேசன் பாஸ் பண்ணிவிட்டு, அரசாங்கக் கிளாக்கர் வேலைக்கான கிளறிக்கல் சோதனைக்குக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த நாதன் மாஸ்டர்தான் என் பேரை அவரிடம் சொன்னவர். "கெட்டிக்காரன். கேள்வி முடிய முந்தி மறுமொழி சொல்லிப்போடுவான்" என்று சொல்லியிருந்தாராம். அதை அன்றைக்கு நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

"ஐசே, உமக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும்?" என்று புரொக்டர் கேட்டார்.

ஒரே மூச்சில் சொன்னேன்: ஐந்து கை, ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கண்பொட்டு, அடியில் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள், வாய் நடுவில், தலை இல்லை, இரத்தம் இல்லை, மூளையும் இல்லை.

"மூளையில்லாததுகளோட எனக்கு நல்ல பழக்கம், ஐசே. கோட்டில நாள் முழுக்க அதுதானே வேலை. இதுகள் எதிர்க்கதை கதைக்காது, அது ஒண்டுதான் வித்தியாசம். நாளைக்கே வாரும்."

காலையில் ஏழு முதல் பத்து, பின்னேரம் நாலு முதல் ஆறு. தொட்டியில் காற்று ஏற்றுவது முதல் வேலை. மோட்டார்க் கார் டியூப் ஒன்றுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதிலிருந்து மெல்லிய றப்பர்க் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, கிளிப்பை இறுக்கிக் குமிழி குமிழியாக வரவிட வேண்டும். பிறகு பழைய தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துப் புதுக் கடல் தண்ணீர் சேர்க்க வேண்டும். உப்பின் அளவு பார்க்க, பாலில் தண்ணீர் கலக்கும் பாற்காரர்களைப் பிடிக்க வைத்திருக்கும் பால்மானியையே பாவித்தேன். நல்ல கடல் தண்ணீரில் அது இருபத்திரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் நிற்கும். மழைக்குப் பிறகு கால்வாய் வாய்க்குப் பக்கத்தில் அள்ளினால் அளவு விழுந்துவிடும். இதை நானே கண்டுபிடித்தேன் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

சாப்பாடு மட்டிச் சிப்பியின் சதை. நட்சத்திர மீன் அதன் மேல் ஏறிக் குந்தி, தன் வயிற்றையே வாய்க்கு வெளியே தள்ளி, வெளியில் வைத்தே சமிபாடாக்கிவிட்டு வயிற்றைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். முதன்முதல் அதைக் கண்டபோது பத்து மணி தாண்டியும் நான் வீட்டுக்குப் போகவில்லை.

2. பத்து மந்திரம்

நட்சத்திர மீன் கொண்டுவருபவர் அந்தோனி அண்ணை. கொட்டாஞ்சேனையில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கடலுக்குள் இருக்கும் கல்லில் முங்கி எடுப்பார். பழைய வினாகிரிப் பீப்பா ஒன்றில் கடல் தண்ணீரோடு மீனைப் போட்டு, ரயிலில் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு வந்து, தோளில் சுமந்து வருவார். காற்றுப் படவிட்டால் கெட்டுப்போகும் என்று, தண்ணீருக்குள் வைத்தே சட்டியில் ஏந்திச் சட்டியோடு தொட்டிக்குள் இறக்குவார். அதற்கு முன் அரை மணித்தியாலமாவது தொட்டித் தண்ணீரைச் சிரட்டை சிரட்டையாகப் பீப்பாவுக்குள் விட்டுக்கொண்டிருப்பார்.

இறக்க முன்னம் இன்னொரு வேலையும் செய்வார். பீப்பாவுக்குள்ளேயே மீனை மல்லாத்திப் போட்டுவிட்டு, "அருள் நிறைந்த மரியே" சொல்லத் தொடங்குவார். பத்துத்தரம் சொல்லி முடிவதற்குள் மீன் ஒரு கையை மடக்கி, நிலத்தைப் பிடித்து, தன்னைத் தானே புரட்டி எழும்பிவிட வேண்டும்.

"எழும்பாட்டி?" என்றேன்.

"எழும்பாத மீன நான் ரயில் ஏத்த மாட்டன், மல்லி." சிங்களத்தில் தம்பி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"அண்ணை, இதுக்கு மணிக்கூடு இருக்குத்தானே."

"உங்கட மணிக்கூடு நிக்கும். இது நிக்காது."

நான் சிரித்தேன். வாங்குகிறவர்களை மயக்க அவர் காட்டும் வித்தை என்று நினைத்தேன். அவருக்கு வாடிக்கை இரண்டே வீடுதான்: புரொக்டர் வீடு, மற்றது கிருலப்பனையில் நாதன் மாஸ்டர் வீடு. மாஸ்டர் வகுப்புக்குக் காட்ட மீன் வாங்குவார். சந்தையில் மீன் விற்கிறவர்கள் நூறு பேர். உயிரோடு நட்சத்திர மீன் கொடுக்கிறவர் தான் ஒருவர் என்பதில் அந்தோனி அண்ணைக்குப் பெருமை. "துரைமார் வீட்டு மீன்காரன்" என்று தன் ஒழுங்கையில் தன்னைச் சொல்லுவார்களாம்.

அவர் கொண்டுவந்த முதல் இரண்டும் இரண்டு மாதம் சுகமாக இருந்தன. கண்ணாடியில் ஏறின, இறங்கின. ஒன்று கை நுனி முறிந்து வந்தது. முறிந்த இடத்தில் சின்னதாகப் புதுக்கை முளைக்கத் தொடங்கியது. அதைத் தினமும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதினேன்.

3. குடம்

அந்த நாட்களில் கடல் தண்ணீர் எடுக்க அந்தோனி அண்ணை தந்த இன்னொரு வினாகிரிப் பீப்பாவைத்தான் பாவித்தோம். கறுத்துப்போன பீப்பா. ஈரமானால் ஒரு வாடை. புரொக்டரின் மனைவிக்கு, நாங்கள் அம்மா என்று கூப்பிடுபவருக்கு, அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

"தம்பி, விளக்கு வைக்கிற விறாந்தைக்குள்ளால இந்தக் கறுமத்தைக் கொண்டுபோறீர். கடல் தண்ணியெண்டாலும் தண்ணிதானே? ஒரு மரியாதை வேண்டாமே?"

அவர் தன் சீதனத்தில் வந்த இரண்டு பித்தளைக் குடங்களைச் சாமி அறையிலிருந்து எடுத்துத் தந்தார். ராக்கம்மாவிடம் சொல்லி, நாளும் புளியும் தேங்காய்த் தும்பும் போட்டு உள்ளும் புறமும் மினுக்குவித்தார். ராக்கம்மா அந்த வீட்டுச் சமையற்காரி. ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். குடம் தங்கம் போல் பளபளத்தது. எனக்கும் சந்தோஷம்தான். கறுத்தப் பீப்பாவோடு போகும்போது கூலி என்று நினைத்தவர்கள், குடத்தோடு போகும்போது வழி விட்டார்கள். ரயில் பாதையைக் கடக்கையில் ஸ்டேஷன் போர்ட்டர் ஒருநாள் கூப்பிட்டார்: "என்ன தம்பி, கடலுக்குக் கும்பாபிஷேகமோ?"

பின்னேரம் இரண்டு குடம் அள்ளி வருவேன். மண் அடியில் படிய வேண்டுமென்று துணியால் வாயைக் கட்டி விடியும்வரை வைத்திருப்பேன். காலையில் றப்பர்க் குழாயைப் போட்டு, மேலுள்ள தெளிந்த தண்ணீரைத் தொட்டிக்கு இழுப்பேன். அடி வண்டலோடு குடத்தை ராக்கம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவள் ஊற்றி, மினுக்கி வைப்பாள். எல்லாம் மிகச் சுத்தம்.

குடம் வந்த அதே கிழமையில் அந்தோனி அண்ணை புதிதாக ஒரு சோடி கொண்டுவந்தார். என் கண்ணை மறைத்தது இந்தப் பொருத்தம்தான்.

4. நாலு சாவும் ஒரு தீர்ப்பும்

புதுச் சோடியில் ஒன்று ஏழாம் நாள் கைகளைச் சுருட்டிக்கொண்டது. பிறகு ஒரு கை கழன்று விழுந்தது. மற்றதும் அப்படியே. பத்து நாளைக்குள் பழைய இரண்டும் சோர்ந்து, கண்ணாடியிலிருந்து வழுகி, அடியில் கூழாகக் கிடந்தன. அளந்து அளந்து எழுதிய அந்தப் புதுக்கையும் போயிற்று.

நான் யோசித்தேன். விரைவாக யோசித்தேன். நட்சத்திர மீன்களோடு தொட்டியில் விட்டிருந்த நாலு சின்ன மீன்களும் துள்ளித் திரிந்தன. ஆகவே தண்ணீரில் பிழையில்லை. உப்பு இருபத்துநாலு, ஆகவே உப்பில் பிழையில்லை. பழைய சோடி இரண்டு மாதம் இருந்தது. புதுச் சோடி வந்த பிறகுதான் செத்தது. ஆகவே வியாதி புதுச் சோடியோடு வந்தது. வியாதி எங்கிருந்து வந்தது? கொட்டாஞ்சேனைக்காரர் தன் வீட்டுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில், ஹாபருக்குள், எண்ணெய்த் தண்ணீரில் பிடித்திருப்பார். முடிந்தது கணக்கு. தொட்டி மூலையில் கல்லில் ஒட்டிப் பூப்போல் விரிந்திருக்கும் கடற்சாமந்தி ஒன்று பத்து நாளாக விரியாமல் மூடிக் கிடந்ததைக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அதற்கு மேல் ஒரு வரி: "அந்தோனியின் சரக்குப் பழுது."

செய்தி கேட்டு அந்தோனி அண்ணை தானாகவே இன்னொரு மீனோடு வந்தார். சல்லி வேண்டாம் என்றார். பீப்பாவை இறக்கி வைத்து மீனை மல்லாத்தப் போனார்.

"அண்ணை, இதை எங்கை பிடிச்சனீங்கள்?"

"எங்க பிடிப்பன்? கல்லுலதான்."

"எந்தக் கல்லு? ஹாபர்க் கல்லோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மல்லி, ஹாபருக்குள்ள எண்ணெய் மிதக்குது. அதுக்குள்ள என்ட எதிரியும் முங்க மாட்டான்."

"அப்ப ஏன் சாகுது?"

"அத என்னட்டயா கேக்கிற? என்ட கையில இருக்கக்குள்ள எழும்பி நடந்திச்சு. உங்கட கையிலதானே சாகுது."

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. எனக்குக் காது சூடேறியது.

"படிச்ச ஆக்கள் இருக்கிற வீட்டில வந்து கள்ளச் சரக்குத் தள்ளாதேங்கோ!"

அவர் பீப்பாவின் மூடியைப் போட்டுத் தோளில் ஏற்றினார். வாசலில் நின்று, "இதையாவது உயிரோட கடல்ல விடுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடற்பக்கம் இறங்கினார்.

அன்றைக்கே நாதன் மாஸ்டருக்கும் ஒரு துண்டு எழுதி அனுப்பினேன்: அந்தோனியிடம் வாங்க வேண்டாம். இரண்டு வாடிக்கை வீடும் ஒரே நாளில் பூட்டப்பட்டன. பூட்டியவன் நான்.

5. ராக்கம்மா இல்லாத நாள்

இரண்டு கிழமை கழிந்தது. தொட்டியில் வெறும் மீன். புரொக்டர் பின்னேரங்களில் வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி இருப்பார்.

"ஐசே, இந்த மாசம் முடிய நட்சத்திரம் ஒண்டும் வராட்டி, தொட்டியைக் கழட்டிப் போடுவம். சும்மா தண்ணியைப் பாக்கிறதுக்குக் கடலே இருக்குது."

அந்தக் கிழமை ராக்கம்மா தெமட்டகொடையில் ரயில்வேயில் வேலை செய்யும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். குடத்தை நானே மினுக்க வேண்டியதாயிற்று. வண்டலை ஊற்றிவிட்டு, தும்பைப் பிடித்துக் கையை உள்ளே விட்டேன். கழுத்துக்குக் கீழே, தண்ணீர் நின்ற மட்டத்தில், ஏதோ மாவு போல் கையில் பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். விரல் நுனி பச்சை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உப்புத் தண்ணீர் செம்பைத் தின்னும் என்று நானே சோதனைக்கு எழுதிப் புள்ளி வாங்கியவன். விடியவிடிய உப்புத் தண்ணீரைச் செம்பில் ஊற வைத்து, தெளிந்தது என்று சொல்லி, அதைத் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். அதுவும், புளியால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு நாளும் புதிதாக்கிய செம்பில்.

ராக்கம்மா வந்ததும் குடத்துக்குள் இருந்த பச்சையைப் பற்றிக் கேட்டேன்.

"அது களிம்பு தம்பி. தெனந்தெனம் இருக்குமே. நாந்தான தேய்ச்சுக் கழுவுறேன்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலயே. ஈயம் பூசாத பித்தளையில உப்பு வச்சா களிம்பு வராம சீனியா வரும்? ரசம் வச்சாக்கூட நாங்க ஈயம் பூசுன சட்டியிலதான் வைக்கிறோம். நீங்க படிச்ச ஆளு, மீனுக்கு மருந்துன்னு ஏதோ செய்றீங்கன்னு நெனச்சேன்."

சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு எதிரான சாட்சியத்தை ஒரு மாதமாக நாளும் புளி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது அவள் கை. துடைக்கக் கொடுத்தது என் கை.

6. இரண்டு போத்தல்

அப்போதும் வாயைத் திறக்க முன்னம் பரீட்சித்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். அந்த வேலையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் இதுதான்.

காலி வீதி முஸ்லிம் நானா கடையில் இரண்டு பெரிய இனிப்புப் போத்தல் வாங்கினேன். "மருமகன் இனிப்புக்கடை போடப்போறார் போல" என்று நானா பகிடி பண்ணினார். கடல் வற்றிய நேரம் கற்களைப் புரட்டி, ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவான சின்ன நட்சத்திர மீன்கள் நாலு பிடித்தேன். ஒரு போத்தலில் கறுத்தப் பீப்பாவில் தெளியவைத்த தண்ணீர். மற்றதில் குடத்துத் தண்ணீர். போத்தலுக்கு இரண்டு மீன். ஒரே இடம், ஒரே காற்று.

மறுநாள் எல்லாவற்றையும் மல்லாத்திப் போட்டேன். என்னை அறியாமலே அந்தோனி அண்ணையின் முறை. பீப்பாத் தண்ணீரில் இரண்டும் நாலு நிமிஷத்துக்குள் புரண்டன. குடத்துத் தண்ணீரில் ஒன்று அரைவாசி எழும்பித் திரும்ப விழுந்தது. மற்றது கைநுனிகளை மேலே சுருட்டியபடி கிடந்தது. கால் மணித்தியாலம் பார்த்தேன். எழும்பவில்லை.

அப்போதுதான் விளங்கியது. அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் என் கண்ணுக்கு முன்னால் மீன் சுகமாக இருக்கிறது என்று நிரூபித்துவிட்டுத்தான் தந்திருக்கிறார். நான் பார்த்தது செபத்தை.

7. மூன்று வாசல்

முதலில் புரொக்டர். குடம், களிம்பு, போத்தல் எல்லாம் சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்தே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குற்றம் சாட்டின எதிரியை விசாரிச்சீரோ?"

"இல்லை, சேர்."

"சாட்சி வீட்டுக்குள்ளயே இருந்தவ. அவவை?"

"இல்லை, சேர்."

"தீர்ப்பை மட்டும் எழுதிப்போட்டீர். நீதவான்மாரே இவ்வளவு கெதியாச் செய்யிறேல்லை, ஐசே." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு வாரும். அவர் வந்தால் தொட்டி இருக்கும், நீரும் இருப்பீர்."

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோயில் மணி கேட்கும் தூரத்தில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்று. அந்தோனி அண்ணை வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அங்கே நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனைவிதான் உள்ளேயிருந்து கேட்டாள்: "கள்ளச் சரக்கு எண்ட பேருக்கு இப்ப என்ன செய்யப் போறீங்க? வெள்ளவத்தையில சொன்ன கதை மீன விடக் கெதியா ரயில் ஏறி வந்துட்டுது. ரெண்டு கிழமையா இந்த மனுசன் துறையில மத்தவங்கட வள்ளத்துல கூலிக்குப் போகுது."

"மாஸ்டருக்குச் சொன்னீங்களா?" என்றார் அந்தோனி அண்ணை.

"இன்னும் இல்லை."

"முதல்ல அங்க போங்க. அவர் என்னை வரச்சொன்னா, பிறகு உங்கட வீட்டுக்கு வாறன்."

இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கஷ்டமாயிருந்தது அந்தக் கிருலப்பனைப் பயணம்தான். மாஸ்டர் கேட்டுக்கொண்டே என்னைப் பின் வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய மண்தொட்டி ஒன்று. உள்ளே கடல் தண்ணீர். அடியில் சிவப்புக் குமிழ் வைத்த நட்சத்திர மீன் ஒன்று மட்டியின் மேல் குந்தியிருந்தது.

"அந்தோனி தந்தது. ஆறு மாசமா இருக்குது" என்றார். "உம்மட துண்டு வந்த அண்டும் இது இப்பிடித்தான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது."

"அப்ப ஏன் சேர் அவரிட்டை வாங்கிறதை விட்டனீங்கள்?"

"நீர் எழுதினீர் எண்டு. என்ர கண்ணை விட உம்மட எழுத்தை நம்பிப்போட்டன். எனக்கும் நல்லா வேணும்."

சரக்கில் பிழையில்லை, திரும்ப மீன் கொண்டுவரவும் என்று அந்தோனி அண்ணைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதை நானே கொண்டுபோய், அவர் வீட்டு வாசலில் நின்று, அயலவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தேன். அவர் மனைவி ஒரு கோப்பை தேத்தண்ணி தந்தாள்.

8. இப்போது செய்வது

தொட்டியை முழுதாக இறைத்து, மணலை மாற்றி, பத்து நாள் பீப்பாத் தண்ணீரால் மட்டும் நிரப்பினேன். பதினோராம் நாள் கடற்சாமந்தி விரிந்தது. குடங்கள் சாமி அறைக்குத் திரும்பிப் போயின. "நல்லதுக்குத்தானே தந்தனான்" என்று அம்மா இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தார்.

அந்தோனி அண்ணை மீனோடு வந்தார். விறாந்தையில் பீப்பாவை இறக்கியவர், மல்லாத்த முன்னம் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "எல்லாரும் ஒருக்கா வாங்க." புரொக்டர் பேப்பரோடு வந்தார். அம்மா வந்தார். ராக்கம்மா கரண்டியோடு வந்தாள். மீனை மல்லாத்திப் போட்டு, உரத்த குரலில் மந்திரத்தைத் தொடங்கினார். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவதில் ஒரு கை மடங்கியது. எட்டாவதில் புரண்டது.

"பாத்தீங்கதானே? உயிரோட தந்தன்."

பிறகு சிரித்தார், கதைத்தார், ராக்கம்மாவின் தேத்தண்ணியைக் குடித்தார். ஆனால் முன்பு ஒருநாளும் கேட்காத சாட்சியை, அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்டார். வீட்டில் எல்லாரும் வந்து நிற்கும்வரை மீனை இறக்க மாட்டார். தன் சொல்லே போதும் என்ற நம்பிக்கையை நான் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன்; திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது எனக்கு ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் வேலை. வீட்டில் கடல் தொட்டி வைக்க விரும்பும் பொடியன்கள் வந்து கேட்கிறார்கள். மரம், மண், கண்ணாடி தவிர வேறொன்றிலும் தண்ணீரை வைக்காதே என்று சொல்கிறேன். பித்தளைக் குழாய் வாய்கூட வேண்டாம். மீன் உயிரோடிருந்தால் தண்ணீர் நல்லதென்று நம்பாதே. மீன் தாங்கும், நட்சத்திர மீன் தாங்காது. மூடிக் கிடக்கும் கடற்சாமந்தியைக் கொப்பியில் எழுதினால் போதாது, அதை யோசி. பாத்திரம் கழுவுகிறவரிடம் என்ன கண்டாய் என்று நாளும் கேள்.

புரொக்டர் வீட்டுக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. "அந்தோனியின் சரக்குப் பழுது" என்ற வரிக்குக் கீழே, "பழுது தண்ணீரில். தண்ணீர் கொண்டுவந்தவன் நான்" என்று எழுதியிருக்கிறேன். மேல் வரியை வெட்டவில்லை. அந்தோனி அண்ணைக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்திருந்தால் ஒருவருக்கும் தெரிய வந்திருக்காது. அதனால்தான் அது இன்னும் இருக்கிறது.